தானாகத் திரும்பிய சக்கரங்கள்

சனத்தின் வண்டி கிடைத்துவிட்டது. சனத் கிடைக்கவில்லை.

வண்டி என்றால் முழங்கை நீளத்தில் ஒரு ரிமோட் டிரக். அதைப் பொம்மை என்று குவைத்தின் ஜஹ்ராவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள். குளிர்காலம் பிறந்ததும் மேட்டடிவாரத்தில் கூடாரம் அடிப்பதும், மீசை நரைத்த ஆட்கள்கூட ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டில் வண்டி ஏற்றப் போட்டி போடுவதும் அந்த ஊருக்கு வருஷாவருஷம் பிடிக்கிற பித்து. புதன்கிழமை சாயங்காலம் சனத்தும் அப்படித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டே கூடாரங்களைத் தாண்டிப் போனான். பின்னாலேயே புழுதிக்காற்று வந்தது. எதிரே நிற்பவன் முகம் தெரியாத காற்று. அது ஓய்ந்தபோது இருட்டியிருந்தது, பையனைக் காணோம்.

போலீஸ் ஜீப், ஹெலிகாப்டர், சொந்தக்காரர்களின் பிக்கப் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு ஒரு மாமன் மகன் இந்த வண்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, சனத்தின் அண்ணன் ஃபலாஹின் காலடியில் வைத்தான். வெட்டவெளியில் பேட்டரி செத்து நின்றிருந்ததாம். பக்கத்தில் ஆளும் இல்லை, ரிமோட்டும் இல்லை.

ஃபலாஹின் போன் அடித்தது. உம்மாதான்.

"கிடைச்சானா?"

"வண்டி கிடைச்சிருக்கும்மா."

"நான் வண்டியையா பெத்தேன்?" என்றாள் உம்மா. "இன்னொருத்தனையும் அப்படி விட்றாதீங்கடா. உசுரோ மய்யித்தோ, கொண்டுவந்து எங்கிட்ட குடு. காணோம்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தையை இனி என்னால கேக்க முடியாது."

அந்த வீட்டுக்கு அந்த வார்த்தை பழக்கம். படையெடுப்பின்போது வாப்பாவைச் சோதனைச் சாவடியில் ஈராக் சிப்பாய்கள் காரிலிருந்து இறக்கி அழைத்துப்போனார்கள். அப்புறம் மய்யித்தும் இல்லை, கப்ரும் இல்லை, ஒரு பேச்சும் இல்லை. பதினைந்து வருஷம் ஆகியும் உம்மா, புருஷனை இழந்தவள் வீட்டோடு அனுசரிக்கிற இத்தாவை இருக்க மறுத்தாள். இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அவளே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். அந்த வீட்டில் சனத் என்கிற பெயரையும் காணாமல் போனவர் கணக்கில் சேர்த்தால் அவள் தாங்கமாட்டாள் என்பது ஃபலாஹுக்குத் தெரியும்.

அவன் போனை வைத்துவிட்டு, சோறாக்குகிற பெரிய தேக்சாவைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் தம்பியின் வண்டியை ஏற்றி வைத்தான். சக்கரம் நான்கும் அந்தரத்தில் தொங்கின. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அந்தக் கூடாரங்களில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் அவனிடம்தான் வரும்.

கூடாரத்தில் கஹ்வா குடித்துக்கொண்டிருந்த போலீஸ் சார்ஜென்ட்டுக்குத் தாங்கவில்லை. "தம்பியைக் காணோம்கிறான், பொம்மைக்கு ரிப்பேர் பாக்குறான். நல்ல குடும்பம்யா."

"சார், இது எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரிஞ்சா, எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு தெரியும்" என்றான் ஃபலாஹ். "காத்துல வண்டி கைமீறிப் போயிருக்கு. அவன் அது பின்னாலதான் ஓடியிருப்பான். வண்டியைவிட்டுட்டு வர்ற ஆளு இல்ல அவன்."

"அவன் சொல்றது சரிதான் சார்" என்று பக்கத்துக் கூடாரத்து கானிம் வந்து உட்கார்ந்தான். கானிம் பெருத்த உடம்புக்காரன், வாயும் அப்படியே. ஆனால் இரண்டு நாளாக அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. "நீங்க போய் இன்னொரு குவளை ஊத்திக்கங்க. கஹ்வாவுக்குள்ள தேடுனா கிடைச்சாலும் கிடைப்பான்."

சார்ஜென்ட் முறைத்துவிட்டு வெளியே போனார்.

ஃபலாஹ் முதலில் மின்சாரத்தையே தொடவில்லை. முன்சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். மணல் நறநறத்தது. ஊதி எடுத்தான். பேரிங் நன்றாக இருந்தது. சக்கரத்தைத் திருப்புகிற கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனவன் ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"வளைஞ்சிருக்கு. கல்லுல அடிபட்டிருக்கு. இதோட ஓடுனா இடப்பக்கம்தான் இழுக்கும்."

"இடப்பக்கம்னா?" கானிம் கூடார வாசல் வழியே பார்த்தான். "மேட்டுப்பக்கம்."

மேட்டுப்பக்கத்தில் பார்த்தாகிவிட்டது. எல்லாரும் இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். ஆனாலும் ஃபலாஹ் கம்பியைக் கழற்றி நிமிர்த்தி மாட்டினான். தன் பேட்டரியைப் போட்டான். தன் ரிமோட்டுக்குள், அலைவரிசையைத் தீர்மானிக்கிற மஞ்சள் கிரிஸ்டலைச் செருகினான். சனத்தின் வண்டிக்கு மஞ்சள் கிரிஸ்டல்தான்.

அந்தக் காலத்து ரிமோட்டுகளுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. ஒரே நிறத்துக் கிரிஸ்டல் உள்ள ரிமோட் இரண்டு ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால், ஒருவன் திருப்ப இன்னொருவன் வண்டி ஓடும். அதனால் கூடாரக் கம்பத்தில் ஒரு பலகை மாட்டி, அதில் நிறத்துக்கு ஒரு துணிக் கிளிப் குத்தி வைத்திருந்தார்கள். கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டவன்தான் அந்த நிறத்தில் ஓட்டலாம். மீறினவனுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. மஞ்சள் கிளிப் புதன்கிழமையிலிருந்து பலகையில் இல்லை. அது சனத்தின் சட்டையில் இருந்தது.

ரிமோட்டைப் போட்டு, பிறகு வண்டியைப் போட்டான். இடம் திருப்பினால் இடம், வலம் திருப்பினால் வலம். கையை எடுத்தான். சக்கரம் நேராக வந்து நின்றது. பிறகு ஒரு துடி துடித்து, தானாக இடப்பக்கம் திரும்பி, மெல்லத் திரும்பவும் நேரானது.

"சர்வோவா?" என்றான் கானிம். சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்கு அந்தப் பெயர்.

சர்வோவைக் கழற்றிப் பல்சக்கரத்தை எண்ணினார்கள். ஒரு பல்லும் உடையவில்லை. வேறொரு சர்வோ மாட்டினார்கள். அதுவும் துடித்தது. பேட்டரி குறைந்தால் துடிக்கும், மாற்றினார்கள். ஆண்டெனா வயர் அறுந்தால் துடிக்கும், வயர் முழுசாக இருந்தது. ரிசீவரில் ஈரமா என்று வெயிலில் காட்டி, துணியால் துடைத்து மாட்டினார்கள். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கிற வண்டி தன்பாட்டுக்குச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஃபலாஹ் அப்போது ஒரு காரியம் செய்தான். ரிமோட் வண்டி ஓட்டுகிறவன் எவனும் செய்யமாட்டான். வண்டி உயிரோடு இருக்கும்போது தன் ரிமோட்டை அணைத்தான். அணைத்தால் சக்கரம் செத்துப்போய் நிற்க வேண்டும், அல்லது பைத்தியம் பிடித்த மாதிரி உதற வேண்டும்.

இரண்டும் நடக்கவில்லை. உதறல் நின்றது. சக்கரம் பதறாமல் இடப்பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது. நேரானது. வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியது. நேரானது.

"யா அல்லா" என்றான் கானிம். "யாரோ ஓட்டுறாங்கடா."

அடுத்த நிமிஷம் அவன் எழுந்து ஓடினான். அந்தப் பெருத்த உடம்பு ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கூடாரம் கூடாரமாகப் போய், "ரிமோட்டெல்லாம் அணைங்கடா, பேட்டரியைக் கழட்டுங்கடா, புள்ளைங்க கையில இருக்கிற விளையாட்டுச் சாமானையும் பிடுங்குங்கடா" என்று கத்தினான். திரும்பி வரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. "எங்கயும் ஒண்ணும் ஓடல. சத்தியமா."

சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. நேரானது.

ஃபலாஹ் துள்ளி எழுந்தான். தொண்டை வெடிக்கிற மாதிரி, "உசுரோட இருக்கான்! சனத் உசுரோட இருக்கான்டா! ரிமோட்டைப் போட்டு நம்மளைக் கூப்பிடுறான்!" என்று கத்தினான். இந்த ரிமோட்டுகள் எட்டினால் கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் மேலே எட்டும், அவ்வளவுதான். அப்படியானால் பையன் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறான். எல்லாரும் தேடி முடித்த இடத்தில்.

ஆண்டெனா வயரை விரலில் சுருட்டிக் குட்டையாக்கினான். வயர் குட்டையானால் பக்கத்துச் சத்தம் மட்டும்தான் வண்டிக்குக் கேட்கும். வண்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு தூக்கிக்கொண்டு நடந்தான். சாலைப்பக்கம் நடந்தால் சக்கரம் ஓய்ந்துபோனது. மேட்டுப்பக்கம் திரும்பினால் துடித்தது. கானிம் கயிறும் டார்ச்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றடித்து ஓய்ந்த தரை யாரும் மிதிக்காத மாவு மாதிரி கிடந்தது.

சிவப்புச் சாயம் பூசின கற்கள் தெரிகிற இடத்தில் இருவரும் நின்றார்கள்.

அந்தக் கற்களை அங்கே யாரும் பார்ப்பதே இல்லை. சின்ன வயசிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகிய கால்கள். உள்ளே சண்டைக்காலத்துக் கண்ணிவெடி இருக்கிறது, எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்று எடுத்தவனுக்கே தெரியாது. தேடினவர்கள் எல்லாரும் கற்களைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள், வெறும் தரை, ஒருத்தரும் இல்லை. ஜஹ்ராவில் பிறந்தவன் கல்லைத் தாண்டமாட்டான் என்பது அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். முகம் தெரியாத காற்றில் கல் மட்டும் தெரியுமா என்று ஒருவனும் யோசிக்கவில்லை. ஃபலாஹும்தான் யோசிக்கவில்லை.

"சனத்!" என்று கத்தினான். பதில் இல்லை.

கையில் இருந்த வண்டியின் பின்சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. அதுவரை அவை அசையவே இல்லை. ஃபலாஹ் பதறிப்போய் வண்டியைத் தரையில் வைத்தான். அது இரண்டு கற்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது.

நேராகப் போகவில்லை. கொஞ்சம் போய் இடப்பக்கம் வளைந்தது. ஒன்றுமே இல்லாத வெறும் தரையை அரைவட்டம் சுற்றி, வலப்பக்கம் ஒடித்து, பொறுமையாகப் போய், ஒரு இடத்தில் நின்றது. பிறகு ஒரு முழம் பின்னால் வந்தது. காத்திருந்தது.

"போகாதடா" என்று கானிம் அவன் தோளைப் பிடித்தான். "நான் போய் அந்தத் தொந்தி சார்ஜென்ட்டைக் கூட்டியாறேன். வெடி எடுக்கிற ஆளுங்க வரட்டும். ஃபலாஹ், உங்க உம்மாவுக்கு நீயாவது வேணும்டா."

"அவங்க வர்றதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடும். அவனும் தீர்ந்துடுவான். மூணாம் நாள்டா, தண்ணி இல்லாம." ஃபலாஹ் பிஸ்மில்லா சொல்லிக் காலை எடுத்து வைத்தான்.

வண்டிச் சக்கரத்தின் தடம் இரண்டு கோடாகத் தெளிவாகக் கிடந்தது. அந்தக் கோட்டின்மேலே, ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் என்று வைத்து நடந்தான். வண்டி அவன் வரும்வரை நிற்கும், வந்ததும் நகரும். தம்பி குழிக்குள் இருந்தால் இந்த வண்டி அவன் கண்ணுக்குத் தெரியாதே, பிறகு எப்படி இவ்வளவு பதமாகத் திருப்புகிறான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் விரட்டிவிட்டான். நடக்கிற நேரத்தில் அந்த நினைப்பு வேண்டாம்.

வண்டி கடைசியாக நின்ற இடத்தில் தரை சரிந்திருந்தது. துருப்பிடித்த தகரக் கூரை ஒன்று நடுவில் மடிந்து உள்ளே இறங்கியிருக்க, அதன்மேல் புழுதி மூடியிருந்தது. சண்டைக்காலத்துப் பதுங்குகுழி. ஃபலாஹ் குப்புறப் படுத்து, தகரத்தைக் கையால் தள்ளினான்.

"சனத்?"

"அண்ணே." குரல் உலர்ந்த தோலைத் தேய்க்கிற மாதிரி வந்தது. "கால் முறிஞ்சிருச்சு அண்ணே. தண்ணி."

ஃபலாஹ் அழுதுவிட்டான். அழுதுகொண்டே திட்டினான். "எருமை, எருமை! கல்லு தெரியலையாடா உனக்கு? நல்லவேளை ரிமோட்டைப் போட்டு விட்டியே, அதைப் பிடிச்சுத்தான் வந்தேன். அணைச்சுராத, திரும்பிப் போக வேணும்."





"ரிமோட் எங்கிட்ட இல்ல அண்ணே" என்றான் சனத். "விழும்போது கையைவிட்டுப் போயிருச்சு. அந்தக் கோடியில கெடக்கு, என்னால நகர முடியல." அவன் குரல் தாழ்ந்தது. "யாரோ திருப்புறாங்க. விழுந்ததுல இருந்து சத்தம் கேக்குது. ரிமோட்டுல இருக்கிற சக்கரத்தைத் திருப்புவாங்க, விடுவாங்க, ஸ்பிரிங் டக்குன்னு அடிக்கும். யாருங்க அதுன்னு எத்தனையோ தடவை கேட்டேன். பேசமாட்டேங்குறாங்க."

கானிமும் அதே தடத்தில் கால்வைத்து வந்து சேர்ந்திருந்தான். அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி ஃபலாஹ் உள்ளே அடித்தான். சனத்தின் வெளுத்த முகம் தெரிந்தது, சட்டையில் மஞ்சள் கிளிப் தெரிந்தது. வெளிச்சத்தை அந்தக் கோடிக்கு நகர்த்தினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் ஒரு பட்டாளத்துச் சட்டை. சட்டைக்குள் எலும்பு. நீட்டின கால்களில் பூட்ஸ், கயிறு அவிழாமல் கட்டியபடியே. மடியில் ரிமோட் கிடந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பேரும் கேட்டார்கள்.

ஃபலாஹின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்த வண்டி மெல்ல வளைந்து, பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், தான் வந்த தடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது.

கானிம் கயிற்றை இறக்கினான். சனத் அதை அக்குளில் கட்டிக்கொண்டான், இருவரும் இழுத்தார்கள், முறிந்த கால் தகரத்தில் பட்டபோது பையன் போட்ட கூச்சலில் கூடாரங்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். சார்ஜென்ட் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஃபலாஹ் தடத்தின்மேல் நடந்தான். வண்டி முன்னால் போனது. வெளியே வந்து கல்லைத் தாண்டியதும் நின்றது. அதற்கப்புறம் அந்தச் சக்கரங்கள் யாருக்கும் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் வெடி எடுக்கிற அதிகாரி மருத்துவமனைக்கே வந்தார். நல்ல மனிதர், ஆனால் கோபமாக இருந்தார்.

"உள்ள போறதுக்கு உனக்கு வழி காட்டுனது யாரு?"

"ஏன் சார்?"

"வண்டித் தடம் அப்படியே கெடக்கு, பாத்தேன். அது எங்கெங்க வளையுதோ அங்கெல்லாம் தோண்டுனோம். எல்லா வளைவுலயும் ஒண்ணு இருந்துச்சு. நேராப் போன இடத்துல எதுவும் இல்ல." அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எங்க வரைபடத்துல அது கிடையாது. யார் வரைபடத்துலயும் கிடையாது. புதைச்சவனுக்கு மட்டும்தான் தெரியும்."

ஃபலாஹ் நிமிர்ந்தான். "குழிக்குள்ள இருக்கிற ஆளு யாரு சார்?"

"ஈராக் சிப்பாய். சின்ன வயசு. பல்லைப் பாத்தாத் தெரியுது. கழுத்துல தகடு இருக்கு, பேரு படிக்க முடியுது. மூட்டை கட்டி வச்சிருக்கோம். மேல எழுதிக் கேக்கணும், அவனை என்ன பண்றதுன்னு."

"என்ன பண்றது? அங்கயே மண்ணைத் தள்ள வேண்டியதுதான்" என்றான் கதவோரம் நின்ற மாமன் மகன். "இவங்க வாப்பாவைக் கொண்டுபோன கூட்டம்தானே."

ஃபலாஹ் அவனை அதட்டவில்லை. பதினைந்து வருஷமாக அந்தச் சட்டையை நினைத்தாலே அவன் வாயில் கசப்பு ஊறும். நேற்று அந்தச் சட்டைதான் அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உம்மா சனத்தின் கட்டிலில் உட்கார்ந்து, அவன் தலையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அந்தக் கையை அவள் அவன் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது எடுத்தாள்.

"பேரு படிக்க முடியுதுன்னீங்களே" என்று அதிகாரியைக் கேட்டாள். "என்ன பேரு?"

அவர் சொன்னார். அவள் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அவன் உம்மா உசுரோட இருந்தா, அவன் செத்துட்டான்னு இன்னும் ஒத்துக்கிட்டிருக்கமாட்டா" என்றாள். "வாசலையே பாத்துட்டிருப்பா. ஃபலாஹ், எழுந்திரு. இவரு மேல எழுதறவரைக்கும் காத்திருக்காத. யாரைப் பாக்கணுமோ பாரு, எங்க போகணுமோ போ. உன் புள்ளை கெடைச்சுட்டான்னு அவகிட்ட யாராவது சொல்லணும். எங்கிட்ட வந்து சொல்ல யாரும் இல்ல. அவகிட்டயாவது சொல்லட்டும்."

ஃபலாஹ் எழுந்து, அந்தப் பேரை எழுதிக்கொள்ள அதிகாரியிடம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டான்.